பழுதுத் தட்டில் ஒரு துப்பாக்கி

சோப்புப் பெட்டியில் மறுபடியும் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் கிடந்தது.

"இது குளியலறையா, உங்க ஒர்க்‌ஷாப்பா?" என்று அவள் பிரஷ்ஷும் கையுமாகக் கத்தினாள்.

வளையம் கிடைப்பது புதிதல்ல. போன வாரம் ஒன்று அவளுடைய சீப்பின் பிடியில் மாட்டியிருந்தது. அதற்கு முன்பு ஒன்று தண்ணீர் பாட்டிலின் கழுத்தில். தொழிலில் அதற்கு ஓ-ரிங் என்று பெயர். கழற்றியது எங்காவது உருண்டு போய்விடக் கூடாதே என்று கணவர் அதைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு மேற்கொண்டு வேலை பார்ப்பார். சில நாள் அதை மறந்து விரலோடு வீட்டுக்கு வந்துவிடுவார். கை கழுவும்போதுதான் ஞாபகம் வரும்.

"அப்படியே வை, சாயங்காலம் எடுத்துக்கறேன்" என்றார் அவர், வாசலில் ஷூ லேஸைக் கட்டியபடி.

"குப்பையில போடப் போறேன்."

"போடு. குப்பையில இருந்து எடுத்துக்கறேன்." சிரித்தார். பிறகு எழுந்து நின்று, "ஒருத்தன் மெஷினை அளவுக்கு மேல முறுக்கி வச்சிருக்கான். ரெண்டு தடவை சொல்லிப் பாத்துட்டேன். இன்னிக்கு எல்லார் முன்னாடியும் திருப்பிக் குடுக்கப் போறேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான், பாரேன்" என்றார்.

அவள் வாய் நிறையப் பற்பசை நுரை. "ம்" என்றாள். யார் என்று கேட்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

அதுதான் அவர்கள் வீட்டில் நடந்த கடைசிச் சண்டை. அதைச் சண்டை என்று சொன்னால் மற்ற வீடுகள் சிரிக்கும். அன்று பகல், அவர் டெக்னீஷியனாக இருந்த, சாயக் குண்டுகளால் சுட்டு ஆடும் பெயிண்ட் குண்டு விளையாட்டு அரங்கின் கண்காணிப்பு மேடையிலிருந்து அவர் மல்லாக்க விழுந்தார். கீழே சிமெண்ட் தரை.

மூன்று வாரம் கழித்து, அவள் அந்த அரங்கின் வாசலில் காரை நிறுத்தினாள். பக்கத்து இருக்கையில் கொழுந்தன். காணாமல் போன கணவர்களையும் கள்ளக் கையெழுத்துகளையும் தேடிப் பிடிக்கும் அவளுடைய துப்பறியும் அலுவலகத்தில் அவன்தான் உதவியாளன். அண்ணன் போனதிலிருந்து அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஜோக் அடிப்பதையும் நிறுத்தவில்லை. இரண்டும் ஒரே காரணத்தால்தான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவள் அவனை அதட்டுவதில்லை.

"அண்ணி, முன்னாடி இது குளிர்பதனக் கிடங்கு. உருளைக்கிழங்கு அடுக்கி வச்சிருந்தாங்க. அப்பவாவது உள்ள நல்ல சரக்கு இருந்துச்சு."

"உள்ள போனதும் இந்த வாயை மூடிக்கிட்டு இரு."

"மூடிக்கறேன். மூக்கால பேசறேன்."

"தம்பி, விபத்து அறிக்கையில நான் இன்னிக்குக் கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சது. உங்க அண்ணன் தன்னோட அஜாக்கிரதையாலதான் செத்தார்னு அந்த அறிக்கை சொல்லும். அவரைத் தெரிஞ்ச அத்தனை பேரும் அதையே சொல்லுவாங்க."

கொழுந்தன் சீட் பெல்ட்டைக் கழற்றினான். "அண்ணன் உப்பு டப்பாவை மூடினா நாம ரெண்டு பேரும் சேர்ந்து திறக்கணும். அவரா அஜாக்கிரதை?" என்றான். இது ஜோக் இல்லை.

முதலாளியின் அறை நுழைந்தவுடனேயே ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிற அறை: இங்கே வேலை நடக்காது, வேலை வாங்கப்படும். மேசை மேல் காகிதம் ஒன்றுமில்லை. சுவர் அலமாரியில் தூசி படிந்த கண்ணாடித் தட்டு. அந்தத் தூசிக்கு நடுவில், யாரோ கிண்ணம் கிண்ணமாக எடுத்துப் போனது போல, சுத்தமான வட்டங்கள். அவள் அதைப் பார்த்தாள். பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

"உக்காருங்கம்மா" என்றார் முதலாளி. குரலில் அவ்வளவு துக்கம், அளந்து ஊற்றியது போல. "உங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷன். அதை எங்க வேணும்னாலும் சொல்லுவேன். ஆனா பாருங்க, நல்ல மனுஷன் வேற, நல்ல டெக்னீஷியன் வேற."

"ரெண்டுமே இல்லாதவங்களுக்கு என்ன வேலை சார் கிடைக்கும்?" என்று கேட்டான் கொழுந்தன். "முதலாளி ஆயிடுவாங்களோ?"

"தம்பி" என்றாள் அவள். அவன் வாயைப் பொத்திக்கொண்டான், இரண்டு கையாலும்.

முதலாளிக்குப் பக்கத்தில் தொழிலகப் பாதுகாப்புத் துறை அதிகாரி. சட்டைப் பையில் மூன்று பேனா. எழுதுவதென்னவோ நான்காவதாகக் கையில் இருந்த பேனாவால். மூலையில், சுவரோடு சுவராக, முதலாளியின் மருமகன். கல்யாணமாகி வந்து சில மாதங்கள்தான். அரங்கில் பெருக்குகிறவர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் அவனை 'மாப்பிள்ளை' என்றே கூப்பிடுவார்கள். மரியாதை போலத்தான் கேட்கும். கூர்ந்து கேட்டால், சொல்கிறவர்களின் உதட்டோரம் வேறு ஒன்று இருக்கும்.

அதிகாரி அறிக்கையைப் படித்தார். விஷயம் சுருக்கமானது. அரங்கு திறக்கும் முன், மேடை விளக்கு விட்டு விட்டு எரிகிறது என்று மாப்பிள்ளை சொல்லி, டெக்னீஷியன் வேலை மேசையை விட்டு மேடையேறினார். ஆட்டம் இல்லாததால் முகக் கவசம் அணியவில்லை. மேசை மேல் அவர் பாதியில் விட்டுப் போன மார்க்கர் இருந்தது. பெயிண்ட் குண்டுத் துப்பாக்கியை ஆடுகிறவர்கள் மார்க்கர் என்றுதான் சொல்வார்கள். அதில் காற்றுச் சிலிண்டரைக் கழற்றாமல் விட்டிருந்தார். மாப்பிள்ளை அதைப் பத்திரமாக எடுத்து வைக்கலாமென்று தூக்கியபோது, போல்ட் சரியாகப் பொருத்தப்படாததால் தானாகவே வெடித்தது. குண்டு கழுத்தில் பட்டது. அதிர்ச்சியில் பின்னால் சாய்ந்தார். மேடையின் பின்பக்கக் கம்பிக் கதவு தாழிடப்படவில்லை. ஆகவே, பணியாளரின் சொந்தக் கவனக்குறைவு.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள் அவள். "இதுல தப்பு பண்ணினவர் ஒரே ஒருத்தர்தான், அவரும் பேச முடியாது. எல்லாருக்கும் வசதி."

அதிகாரி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை தொண்டையைச் செருமினான். "எனக்கு இதெல்லாம் ஒன்னும் தெரியாதுங்க. நான் ஆபீஸ் வேலை பாக்கறவன். அதுல எது முன்னாடி, எது பின்னாடின்னு கூட எனக்குத் தெரியாது."

"பாவம்" என்றாள் அவள். "அந்த மார்க்கர் எங்க?"

"நடந்து ஒரு மணி நேரத்துக்குள்ள நானே வந்து உறையில போட்டு சீல் வச்சேன்" என்று அதிகாரி நிமிர்ந்தார். அன்று முழுக்க அவர் செய்த ஒரே காரியம் அதுதான் என்பதால் அதில் அவருக்குத் தனிப் பெருமை. "என் சீலை நான் உடைச்சாத்தான் உண்டு. வேற எவனும் தொட முடியாது."

"உடைங்க."

"எதுக்கும்மா?" என்றார் முதலாளி. "மனசு கஷ்டப்படும்."

"செத்தவரோட மூஞ்சியைப் பாத்துட்டேன். கொன்னதோட மூஞ்சியையும் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

மறுக்க முடியாத மாதிரி அவள் அதைச் சொல்லிவிட்டாள். எல்லோரும் எழுந்தார்கள்.

வேலை மேசை அரங்கின் ஓரத்திலேயே இருந்தது. அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் எதிரே மேடை. அவள் அதைப் பார்க்கவில்லை. மேசையைத்தான் பார்த்தாள். மெல்லிய துணி, நான்காக மடித்தது. பல் துலக்கும் பழைய பிரஷ் ஒன்று, கிரீஸ் டப்பா, மூடி இறுக்கமாக. சுவரோரம் ஒரு நீலத் தட்டு. அதில் பிரித்தும் பிரிக்காமலும் இரண்டு மார்க்கர்கள். தட்டின் நெற்றியில் 'பழுது' என்று ஒட்டியிருந்தது. அதற்கு மேலே ஓர் ஆணி.

அதிகாரி தன் சீலை, குழந்தைக்குப் பெயர் வைப்பது போல அவ்வளவு சடங்காக உடைத்தார். உள்ளே ஒரு கறுப்பு மார்க்கர், வாடகைக்கு விடுகிற ரகம். கீறலும் அழுக்குமாக, பார்த்தாலே திருடன் போல இருந்தது.

"கொஞ்சம் காத்து குடுத்துப் பாக்கலாமா?" என்றாள். "குண்டு வேண்டாம். வெறும் காத்து."

கொழுந்தன் சிலிண்டரைத் திருகினான். கடைசித் திருகலில் மார்க்கருக்குள்ளிருந்து சீறல் கிளம்பியது. மூடாத குக்கர் போல, விடாமல், ஸ்ஸ்ஸ் என்று.

இந்த விளையாட்டுக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எவனுடைய மார்க்கரிலாவது காற்று ஒழுகும் சத்தம் கேட்டால், எங்கே ஒழுகுகிறது என்று சொல்லாமல் அவர்களால் இருக்க முடியாது. பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் சொல்லுவார்கள். பிரசவ வார்டில் நின்றிருந்தாலும் சொல்லுவார்கள். யார் முதலில் சொல்கிறார்கள் என்பதில் அவர்களுக்குள் ஒரு போட்டியே நடக்கும். அவளுடைய கணவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"பேக் ஓ-ரிங்" என்றது ஒரு குரல், முணுமுணுப்பாக.

அதிகாரி உடைந்த சீலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். முதலாளி கைக்குட்டையால் காதைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொழுந்தனின் புருவம் மட்டும் ஒரு நூல் ஏறியது. அவள் அவனைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தாள். இப்போது வேண்டாம்.

"திற" என்றாள்.

அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஞாயிற்றுக்கிழமைகளை இப்படித்தான் கழித்திருக்கிறான் கொழுந்தன். சிலிண்டரைக் கழற்றினான், மிச்சக் காற்றை வெளியேற்றினான், மார்க்கரின் பின் மூடியைத் திருகி இழுத்தான். ஒரு ஜாண் நீளத்துக்கு வெள்ளி நிறத் தண்டு ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தது.

"சார், இதுதான் போல்ட்" என்றான் அதிகாரியிடம். "துப்பாக்கியோட நுரையீரல்னு வச்சுக்குங்க. இது பின்னாடி நிக்கும்போது காத்தைப் பிடிச்சு வைக்கும். முன்னாடி ஓடும்போது அத்தனையையும் குண்டோட முதுகுல விடும். நடுவுல எங்கயும் ஒழுகாம இருக்கத்தான் இந்த ரப்பர் வளையங்கள். வளையம் காஞ்சு போனா போல்ட் மக்கர் பண்ணும், முதல் குண்டு சோம்பலா போகும். கிரீஸை அப்பினாலும் அதே கதிதான். பாருங்க, எங்க அண்ணன் எப்படிப் போட்டிருக்கார்னு. பளபளன்னு இருக்கும், ஆனா கையில ஒட்டாது. முன் வளையம் சுத்தம். நடு வளையம் சுத்தம். பின்…"

நிறுத்தினான்.

போல்ட்டின் பின்பகுதியில் வளையம் உட்கார வேண்டிய பள்ளம் வெறுமையாக இருந்தது.

"பாத்தீங்களா!" என்றார் முதலாளி. அந்தத் துக்கக் குரல் எங்கே போயிற்றோ. "வளையத்தையே போட மறந்திருக்கார். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? எழுதிக்குங்க சார், எழுதிக்குங்க."

அதிகாரி நான்காவது பேனாவைத் திறந்தார்.

அவளுக்கு வீடு ஞாபகம் வந்தது. சீப்பின் பிடியில் ஒன்று, பாட்டிலின் கழுத்தில் ஒன்று, சோப்புப் பெட்டியில் ஒன்று. வீட்டில் அத்தனை இடத்திலும் மறந்த மனிதர் இங்கேயும் மறந்திருந்தால்? எப்போதும் பொய் சொல்கிற இந்த முதலாளி இதில் மட்டும் உண்மை சொல்லியிருந்தால்? கொழுந்தன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் போல்ட்டை வைத்துக்கொண்டு, சொல்ல ஜோக் ஒன்றும் இல்லாமல் நின்றான். அந்த மூன்று வாரத்தில் அவன் வாய் ஓய்ந்தது அப்போதுதான்.

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த இடத்துக்கு நேர் மேலே அந்த ஆணி. ஆணியில் இரண்டு கறுப்பு வளையங்கள் தொங்கின.

அவள் அவற்றைப் பார்த்தாள். நீலத் தட்டைப் பார்த்தாள். தட்டிலும் இரண்டு மார்க்கர்கள்.

"தம்பி, அதைப் பழையபடி மாட்டு. ஒரு குண்டு போட்டுச் சுடு."

"அய்யோ, வேண்டாம்!" என்று மாப்பிள்ளை ஓரடி முன்னால் வந்தான். "அது ஆபத்து. ஏற்கெனவே ஒரு உயிர் போயிருக்கு. சார், நீங்க சொல்லுங்க, பாதுகாப்பு இல்லாம…"

"நீங்க ஏன் பயப்படறீங்க? உங்களுக்குத்தான் எது முன்னாடி, எது பின்னாடின்னே தெரியாதே" என்றாள் அவள். "எங்க நின்னாலும் உங்களுக்கு ஒன்னுதான்."

அதிகாரி கவசம் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். தலைகீழாக. யாரும் சொல்லவில்லை. கொழுந்தன் மார்க்கரை மூடி, சிலிண்டரைத் திருகினான். மறுபடி அந்தச் சீறல். மஞ்சள் குண்டு ஒன்றைப் போட்டு, குழாயை எதிரே மேடையைப் பார்த்து உயர்த்தினான். விசையை அழுத்தினான்.

சாப்பிட்ட கிழவர் விடும் ஏப்பம் போல ஒரு சத்தம். குண்டு குழாயின் வாயில் வந்து எட்டிப் பார்த்து, யோசித்து, கீழே விழுந்து, அவனுடைய ஷூவில் மோதி உருண்டது. உடையக்கூட இல்லை.

காற்று மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

"சார்" என்றான் கொழுந்தன். குரல் திரும்ப வந்திருந்தது. "இந்தக் குண்டு அந்த மேடைக்குப் போகணும்னா லிஃப்ட் வச்சுத்தான் ஏத்தணும்."

அதிகாரி கவசத்தைக் கழற்றினார். "அப்ப… இதுல வளையம் இல்லேன்னா இது சுடாது?"

"சுடாது. எங்க அண்ணன் அஜாக்கிரதைக்காரர்னே வச்சுக்குவோம். அவர் வளையம் போட மறந்திருந்தா, இந்தத் துப்பாக்கியால ஒரு கொசுவைக்கூட எழுப்ப முடியாது. அவர் மறக்காம இருந்தாத்தான் இது யாரையாவது சுட்டிருக்கும். ரெண்டுல எதை எழுதப் போறீங்க?"

முதலாளி லேசில் விடுகிற ஆள் இல்லை. "அன்னிக்கு வளையம் இருந்திருக்கும். சுட்டதுக்கப்புறம் கழண்டு விழுந்திருக்கும்."

"மூடின துப்பாக்கிக்குள்ள இருந்தா?" என்றார் அதிகாரி. முதல் தடவையாக அவர் தானாக யோசித்தார். "என் சீலுக்குள்ள இருந்தா?"

"சீல் வைக்கறதுக்கு முன்னாடி யாராவது…"

"எடுத்தவர் யாருன்னு நான் சொல்றேன்" என்றாள் அவள்.

கைப்பையிலிருந்து, உள்ளே இருப்பது வெளியே தெரியும் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் வைத்தாள். மருத்துவமனையில் கொடுத்தது. வாய் ஸ்டேப்ளர் ஊசியால் பூட்டியபடியே இருந்தது. மூன்று வாரமாக அதைத் திறக்க அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டில் வைக்கவும் மனம் வரவில்லை. உள்ளே கைக்கடிகாரம், சாவிக்கொத்து, ஒரு கறுப்பு ரப்பர் வளையம். வளையத்தை அவள் முதல் நாளே பார்த்தாள். இதையும் விரலில் மறந்துவிட்டார் என்று நினைத்து அன்று அழுதாள்.

"இதைக் குடுக்கும்போது நர்ஸ் சொன்னாங்க. சுண்டுவிரல் வீங்கியிருந்தது, சோப்பு போட்டுத்தான் கழட்டினோம்னு. வேணும்னா அவங்களையே கேளுங்க. சார், உங்க கையாலேயே பிரிங்க. அப்புறம் நான் பிரிச்சேன்னு இவர் சொல்லுவார்."

அதிகாரி ஊசியைப் பிரித்தார். கொழுந்தன் மறுபடி போல்ட்டை உருவினான். வளையத்தை எடுத்து, தண்டின் மேல் உருட்டி, வெறும் பள்ளத்தில் விட்டான். இருந்த இடத்துக்கு வந்தது போல அது உட்கார்ந்துகொண்டது.

"இந்த மாதிரி வளையம் ஆயிரம் இருக்கும்" என்றார் முதலாளி. ஆனால் குரலில் சுருதி இறங்கியிருந்தது.

"இருக்கும். தம்பி, தட்டுல இருக்கற ரெண்டையும் திற."

கொழுந்தன் திறந்தான். முதல் மார்க்கரில் பின் வளையம் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ஆணியில் தொங்கிய இரண்டும் அவற்றில் பொருந்தின. அவன் முகம் மெல்ல மாறியது.

"அட, அண்ணா!" என்றான், மேசையைப் பார்த்து. "அண்ணி, இது மறதி இல்ல. பழுதுன்னு வந்தா அண்ணன் முதல் காரியமா இதைத்தான் எடுப்பார். வேலை முடியாத துப்பாக்கியை எவனாவது அவசரக்குடுக்கை எடுத்துக்கிட்டுப் போய்ச் சுட்டுடக் கூடாதுன்னு. வேலை முடிஞ்சாத்தான் வளையம் திரும்பப் போகும்."

"மூணாவதைக் கழட்டி விரல்ல மாட்டிக்கிட்டு, துப்பாக்கியைத் தட்டுல வச்சார். ஆணியில தொங்க விடறதுக்குள்ள விளக்கைப் பாருங்கன்னு ஒருத்தர் கூப்பிட்டார்" என்றாள் அவள். "அந்த வளையத்தோடதான் மேல ஏறினார். அந்த வளையத்தோடதான் விழுந்தார். அவர் விழுந்த நேரத்துல இந்தத் துப்பாக்கியோட உயிர் அவர் விரல்ல இருந்துச்சு. அப்ப அவரைச் சுட்டது இது இல்ல."

எல்லோரும் ஒரே திசையில் திரும்பினார்கள். சுவர் அதற்கு மேல் பின்னால் போகாததால் மாப்பிள்ளை அங்கேயே நின்றான்.

"காத்து ஒழுகினதும், பேக் ஓ-ரிங்னு, அதாவது பின் வளையம்னு, ஒரு குரல் சொல்லுச்சு" என்றாள் அவள். "என் கொழுந்தன் திறந்து பாத்துத்தான் சொன்னான். நீங்க, அவன் திறக்கறதுக்கு முன்னாடியே, சத்தத்தை வச்சே சொன்னீங்க. முன்னாடி பின்னாடி தெரியாத ஆபீஸ்காரருக்கு நல்ல காது. உங்க மாமனார் அலமாரியில தூசிக்கு நடுவுல வட்டம் வட்டமா இருக்கே, அங்க இருந்த கோப்பையெல்லாம் யார் ஜெயிச்சது?"

"இவர் ஒரு தடவை… சும்மா பொழுதுபோக்குக்கு…" என்று ஆரம்பித்தார் முதலாளி.

"உங்க சொந்த மார்க்கரைக் கொண்டு வாங்க" என்றாள் அவள், மாப்பிள்ளையிடமிருந்து கண்ணை எடுக்காமல். "அளவுக்கு மேல முறுக்கி வச்சது. வேகம் பாக்கற மெஷின்ல ரெண்டு தடவை தேறாதது. அன்னிக்கு அவர் எல்லார் முன்னாடியும் உங்ககிட்ட திருப்பிக் குடுத்தது."

அவள் குருட்டாம்போக்கில்தான் எறிந்தாள். பற்பசை நுரையோடு 'ம்' கொட்டிக் கேட்ட ஒரு வாக்கியம். பெயர் கேட்காமல் விட்டது. அது அவன் முகத்தில் போய்ப் பட்டது.

"சின்னப் பையன் மாதிரி நிக்க வச்சுத் திட்டினார்" என்றான் மாப்பிள்ளை. குரல் கீச்சென்று வந்தது. "வேலைக்காரங்க எல்லாம் சிரிச்சாங்க. நான் இந்த வீட்டு மாப்பிள்ளை. சும்மா துள்ள வைக்கலாம்னுதான்… முதுகுல ஒன்னு போட்டு, துள்றதைப் பாத்துச் சிரிக்கலாம்னுதான்… அவர் அந்த நேரம் பாத்துத் திரும்பினார். கதவு திறந்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்?"

"வாயை மூடுங்க மாப்பிள்ளை!" என்று கத்தினார் முதலாளி.

"உங்களாலதான் மாமா! ஏதாவது ஒரு உருப்படாததை எடுத்துக் கையில வச்சுக்கோன்னு நீங்கதானே சொன்னீங்க? பழுதுத் தட்டுல இருந்து எடுத்தா எல்லாரும் நம்புவாங்கன்னு…"

கொழுந்தன் சிரித்தான். அதில் சந்தோஷம் துளியும் இல்லை. "இந்த அரங்குலேயே யாருக்கும் கெடுதல் பண்ண முடியாத துப்பாக்கி மூணே மூணுதான் இருந்துச்சு. தேடிப் பிடிச்சு அதுல ஒன்னை எடுத்திருக்கீங்க. கோப்பை வாங்கின கை, இல்லையா?"

அவள் எதிரே நின்றவனை மேலும் கீழும் பார்த்தாள். மூன்று வாரமாக, தூக்கம் வராத நேரமெல்லாம், அவள் ஒரு ஆளைக் கற்பனை செய்து வைத்திருந்தாள். கல் மனசுக்காரன், பல நாள் திட்டம் போட்டவன், கண்ணில் இரக்கம் இல்லாதவன். வெறுப்பதற்கு ஓர் ஆள் வேண்டுமே. இங்கே நிற்பவனோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மாமனாரைக் காட்டிக்கொடுத்துக்கொண்டு, சட்டை நுனியைத் திருகிக்கொண்டு நிற்கிறான். ஒரு மனிதர் போனதற்குப் பின்னால் ஒரு பெரிய பகையாவது இருக்கக் கூடாதா? நாலு பேர் சிரித்தார்கள் என்கிற இவ்வளவு அற்பமான காரணத்துக்கா?

"உங்களை நான் கெட்டவன்னு நினைச்சு வந்தேன்" என்றாள். "அதுக்குக்கூட உங்களுக்குத் தகுதி இல்ல."

போலீஸுக்கு அதிகாரியே போன் செய்தார். அவர் செய்தது சரியான காரியம் என்று அவருக்கே ஆச்சரியம். முதலாளி தன் வக்கீலுக்குப் போன் செய்தார். அது அவருக்குப் பழகிய காரியம். மாப்பிள்ளையின் மார்க்கரைத் தேட யாரும் சிரமப்படவில்லை. முதலாளி அறையின் மேசைக்கு அடியில், கோப்பைகளோடு ஒரே சாக்கில் இருந்தது. தங்க நிறம். சாக்கிலும் மின்னியது.

கொழுந்தன் வேலை மேசையை விட்டு நகரவில்லை. பிரித்த போல்ட்டைத் துணியால் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். அப்புறம் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றான். தோள் மட்டும் குலுங்கியது. அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "அண்ணி, கிரீஸ் கண்ணுல பட்டுடுச்சு."

"அண்ணன் போட்ட கிரீஸ் கையில ஒட்டாதுன்னு நீதான சொன்னே."

"கையில ஒட்டாது. கண்ணைப் பத்தி நான் ஒன்னும் சொல்லலியே."

அதிகாரி முதலாளியின் அறையிலேயே உட்கார்ந்து புது அறிக்கை எழுதினார். தலைப்பிலிருந்து எழுத வேண்டியிருந்தது. விபத்து என்றிருந்த இடத்தில் வேறு சொல் வந்தது. பணியாளரின் கவனக்குறைவு என்ற வரி போயிற்று. அந்த இடத்தில், பழுதுபார்க்கும் துப்பாக்கிகளைச் செயலிழக்கச் செய்து வைப்பது இறந்தவரின் வழக்கம் என்று எழுதினார். துப்பாக்கி மாறிற்று. சுட்டவன் மாறினான். மறைத்தவர் என்று ஒரு புதுப் பத்தியே சேர்ந்தது. மூன்று பக்கம் ஆனதும் அவளிடம் நீட்டினார். இந்தத் தடவை இரண்டு கையாலும் நீட்டினார்.

அவள் நின்றபடியே முழுவதையும் படித்தாள். ஒரு இடத்தில் 'போல்ட்' என்பதை 'போல்டு' என்று எழுதியிருந்தார். கொழுந்தன் எட்டிப் பார்த்துத் திருத்தச் சொன்னான். திருத்தினார்.

"முதல் பக்கத்துல அவரோட சொந்த விவரம் பழைய அறிக்கையில இருந்தபடியே எடுத்து எழுதியிருக்கேன் மேடம்" என்றார் அதிகாரி, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு. "வயசு, தொழில், முகவரி. அதுல ஏதாவது மாத்தணுமா, பாத்துச் சொல்லுங்க."

அவள் முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். பெயர் சரி. வயது சரி. தொழில் சரி. அதற்குக் கீழே மண நிலை என்று போட்டு, எதிரே எழுதியிருந்தது: மணமானவர்.

"இல்ல" என்றாள். "அது அப்படியே இருக்கட்டும்."

கையெழுத்துப் போட்டாள்.